கரியமில வாயுவைக் குறைத்தால் ஆஸ்துமா ஏன் குறைகிறது?

கரியமில வாயுவைச் சுவாசித்து யாருக்கும் இருமல் வருவதில்லை. இன்றைய காற்றில் அது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்குதான். நாம் வெளியே விடுகிற மூச்சில் அதைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு இருக்கிறது. பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைப்பதுதான் அதன் குற்றம். நுரையீரலை அது ஒன்றும் செய்வதில்லை.

ஆனால், கரியமில வாயுவுக்கு மட்டும் உச்சவரம்பு போட்ட சில அமெரிக்க மாநிலங்களில் குழந்தைகளின் ஆஸ்துமாவும் குறைப்பிரசவமும் குறைந்ததாக ஆய்வாளர்கள் கணக்குக் காட்டுகிறார்கள். சட்டத்தில் ஆஸ்துமா என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. பிறகு எப்படி?

ஒரே புகைபோக்கி

நிலக்கரி வெறும் கரி அல்ல. பல கோடி ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த தாவரக் குப்பை அது. கந்தகமும் கொஞ்சம் பாதரசமும் எரியாத மண்ணும் அதற்குள் கலந்திருக்கும். அதை உலையில் போட்டால் கரி, கரியமில வாயுவாகிறது. கந்தகம், கந்தக டை ஆக்சைடாகிறது. மண் சாம்பலாகப் பறக்கிறது, பாதரசம் ஆவியாகிறது. உலையின் வெப்பம் தாங்காமல் காற்றிலுள்ள நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறுகிறது. டீசல் எஞ்சினிலும் ஏறத்தாழ இதே கதைதான். அங்கே கந்தகம் குறைவு, கரும்புகைத் துகள் அதிகம்.

இந்தக் கூட்டாளிகளில் பெரும்பாலானவற்றைப் புகைபோக்கியிலேயே மடக்கிவிடலாம். சுண்ணாம்புக் கரைசலைத் தெளித்தால் கந்தகம் சிக்கும். மின்னூட்டம் ஏற்றிய தகடுகளில் சாம்பல் ஒட்டிக்கொள்ளும். கரியமில வாயுவைப் பிடித்துப் பூமிக்கடியில் புதைக்கவும் கருவி உண்டு. ஆனால் செலவு கட்டுப்படியாகாததால் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய மின் நிலையங்களில்தான் அது இயங்குகிறது. ஆக, ஓர் ஆலையிடம் ‘கரியமில வாயுவைக் குறை’ என்று சொன்னால், நடைமுறையில் அது ‘குறைவாக எரி’ என்று சொன்னதாகவே முடிகிறது. குறைவாக எரித்தால் கூட்டாளிகள் எல்லாமே குறையும். மொத்த விஷயத்துக்கும் திறவுகோல் இதுதான் என்பேன்.

இப்படிக் கூடவே கிடைக்கும் நன்மைக்குத் துறையில் இணைப்பயன் என்று பெயர். நெல்லுக்குப் பாய்கிற நீர் புல்லுக்கும் பொசியும் என்போமே, அது மாதிரி. ஒரே வித்தியாசம், இங்கே நெல்லுக்கு முன்னால் புல் நனைந்துவிடுகிறது. அதற்குக் காரணம் இந்த மாசுகளின் ஆயுள். அதற்கு வருவதற்கு முன், நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத துகள்

செய்திகளில் அடிபடும் பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும் உள்ள துகள்களைக் குறிக்கிறது. மனிதத் தலைமுடியின் தடிமன் தோராயமாக 70 மைக்ரோமீட்டர். அதன் குறுக்கே இந்தத் துகள்களில் கிட்டத்தட்ட முப்பதை வரிசையாக வைக்கலாம். பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் வடிகட்டிவிடும். இவை அந்தக் காவலைத் தாண்டி நுரையீரலின் காற்றறைகள் வரை இறங்குகின்றன. மிக நுண்ணியவை ரத்தத்திலேயே கலந்துவிடும். அதனால்தான் காற்று மாசு என்றதும் இருமலை மட்டும் நினைப்பது தவறு. உயிரிழப்புகளில் பெரும்பங்கு மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் வருகிறது. 2019ஆம் ஆண்டில் வெளிப்புறக் காற்று மாசு சுமார் 42 லட்சம் பேரின் அகால மரணத்துக்குக் காரணமானதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது.

துகள் எல்லாமே துகளாகப் பிறப்பதில்லை. புகைபோக்கியை விட்டு வாயுவாகக் கிளம்பும் கந்தக டை ஆக்சைடு, காற்றில் போகப் போக, வயல்களிலும் தொழுவங்களிலும் இருந்து எழும் அம்மோனியாவோடு சேர்ந்து சல்பேட் துகளாக இறுகுகிறது. இது நடந்து முடிவதற்குள் காற்று அதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போயிருக்கும். ஒரு மாநிலத்தில் எரித்ததை இன்னொரு மாநிலம் சுவாசிக்கிறது. காற்று மாசை ஓர் ஊரின் பிரச்சினையாகப் பார்க்காமல் ஒரு வட்டாரத்தின் பிரச்சினையாகப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

துகளுக்கும் மரணத்துக்கும் உள்ள தொடர்பை ஊரறியச் செய்தது, ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்ட ஆறு நகர ஆய்வு. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதினான்கு முதல் பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். புகைபிடித்தல் போன்ற காரணங்களைக் கழித்த பிறகும், ஆறில் மிக மாசான ஸ்டூபன்வில்லில் இறப்பு விகிதம், மிகத் தூய்மையான போர்ட்டேஜைவிட 26 சதவீதம் அதிகமாக இருந்தது. ‘இதற்குக் கீழே போனால் ஆபத்தில்லை’ என்று சொல்லத்தக்க ஓர் அளவு பிறகு வந்த ஆய்வுகளிலும் அகப்படவில்லை. உலக சுகாதார அமைப்பு 2005இல் ஆண்டுச் சராசரிக்கு ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று வைத்திருந்த வழிகாட்டு வரம்பை 2021இல் 5 ஆகப் பாதியாக்கியது.

நாள் கணக்கு, நூற்றாண்டுக் கணக்கு

இப்போது ஆயுளுக்கு வருவோம். இன்று வெளியேறும் கரியமில வாயுவில் ஒரு பங்கு பல நூறு ஆண்டுகள் காற்றில் தங்கும். அது உலகம் முழுவதும் சமமாகக் கலந்துவிடும். எந்த நாட்டில் எரித்தது என்று வானத்துக்குத் தெரியாது. அதனால் நான் குறைத்தாலும் பலன் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து போகிறது, அதுவும் மிகத் தாமதமாக. ‘பக்கத்து நாடு குறைக்காதபோது நான் மட்டும் ஏன்?’ என்ற வாதத்தின் வேர் இதுதான்.

நுண்துகளின் ஆயுளோ சில நாட்கள், மிஞ்சினால் ஓரிரு வாரம். மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். உலையை அணைத்தால் அடுத்த வாரமே, அதே வட்டாரத்தில், காற்று மாறும்.

இதற்கு நல்ல சாட்சி யூட்டா மாநிலத்தின் ஒரு பள்ளத்தாக்கு. அங்கிருந்த உருக்காலை, தொழிற்தகராறு காரணமாக 1986 ஆகஸ்ட் முதல் 1987 செப்டம்பர் வரை மூடிக் கிடந்தது. ஆர்டன் போப் என்ற பொருளியல் ஆய்வாளர் மருத்துவமனைப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூச்சுக்குழல் அழற்சிக்கும் ஆஸ்துமாவுக்கும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை, மூடிய குளிர்காலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இருந்தது. யாரும் திட்டமிட்டு நடத்தாத சோதனை இது. இப்படி ஒன்றை வேண்டுமென்று செய்து பார்க்க எந்த ஆய்வு நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது, தகராறு தந்தது.

கலிபோர்னியாவில் 2001க்கும் 2011க்கும் இடையே நிலக்கரியிலும் எண்ணெயிலும் ஓடிய எட்டு மின் நிலையங்கள் மூடப்பட்டன. அவற்றிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் வாழ்ந்த தாய்மார்களிடையே குறைப்பிரசவம் 7.0 சதவீதத்திலிருந்து 5.1 ஆக இறங்கியது. தள்ளி வாழ்ந்தவர்களிடம் அந்த அளவு மாற்றம் இல்லை.

ஆகவே கார்பன் கொள்கைக்குப் பணம் கட்டுகிறவருக்கே, அவர் வாழும் இடத்திலேயே, அவர் காலத்திலேயே ஒரு பங்கு திரும்பி வருகிறது. பக்கத்து நாட்டைக் காட்டிச் செய்யும் வாதம் இந்த இடத்தில் கொஞ்சம் வலுவிழக்கிறது.

‘ரெஜ்ஜி’ என்ற சோதனைக்களம்

கூட்டரசு ஒன்றும் செய்யாமல் இருந்தபோது, அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள் பத்து சேர்ந்து 2009இல் ஒரு திட்டத்தைத் தொடங்கின. பிராந்தியப் பசுங்குடில் வாயு முன்முயற்சி என்று நீளமான பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் ரெஜ்ஜி என்றே கூப்பிடுகிறார்கள். நியூயார்க், மாசசூசெட்ஸ், மேரிலாந்து, மெயின் எல்லாம் அதில் இருந்தன. நியூ ஜெர்ஸி 2011 முடிவில் விலகி 2020இல் திரும்பியது. வர்ஜீனியா 2021இல் சேர்ந்து 2023 முடிவில் வெளியேறியது. ஆட்சி மாறினால் கதவு திறப்பதும் மூடுவதும் இங்கே சகஜம்.

திட்டம் செயல்படும் விதம் எளிது. 25 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறனுள்ள, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றில் ஓடும் மின் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு இத்தனை டன் கரியமில வாயுதான் வெளியிடலாம் என்று ஓர் உச்சவரம்பு. டன்னுக்கு ஒரு அனுமதிச் சீட்டு. சீட்டுகளைப் பெரும்பாலும் ஏலத்தில்தான் வாங்க வேண்டும். வரம்பு படிப்படியாக இறங்கும். 2008 செப்டம்பரில் நடந்த முதல் ஏலத்தில் ஒரு சீட்டு 3.07 டாலருக்குப் போனது. விலை என்னவோ அற்பம்தான். ஆனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி, எரிவாயுவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கரியமில வாயு விடுவதால், சீட்டு வாங்கும் செலவும் அதற்கு இரட்டிப்பு. எந்த நிலையத்தை முதலில் ஓட்டுவது என்ற வரிசையில் நிலக்கரி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குப் போனது.

ஏலப் பணம் எங்கே போகிறது என்பது என் கணக்கில் சீட்டு விலையைவிட முக்கியம். அதில் பெரும்பங்கை வீடுகளுக்கு வெப்பக்காப்பு போடவும், பழைய விளக்குகளையும் கருவிகளையும் மாற்றவும் மாநிலங்கள் செலவிட்டன. மின் தேவை குறைந்தால் முதலில் நிற்பவை, கடும் கோடை மதியங்களில் மட்டும் உயிர்பெறும் பழைய மின் நிலையங்கள். அவைதான் யூனிட்டுக்கு அதிகம் புகைவிடுபவை. அதே மதியங்களில்தான் நைட்ரஜன் ஆக்சைடு வெயிலில் வெந்து, தரைமட்ட ஓசோனாக மாறி மூச்சுக்குழலை அரிக்கும். ஆக, ஒரு வீட்டுச் சுவருக்குள் அடைத்த பஞ்சு, எங்கோ ஒரு புகைபோக்கியைச் சரியான மதியத்தில் அணைக்கிறது.

2009 முதல் 2014 வரையிலான ஆண்டுகளுக்கு ஆப்ட் அசோசியேட்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2017இல் கணக்கிட்டது: 300 முதல் 830 வரை அகால மரணங்கள் தவிர்க்கப்பட்டன, 8,200க்கும் மேற்பட்ட ஆஸ்துமா தாக்குதல்கள் நிகழாமல் போயின, நோயால் இழந்திருக்கக்கூடிய 39,000 வேலைநாட்கள் மிஞ்சின. மொத்தச் சுகாதாரப் பயன் 570 கோடி டாலர். கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே துகள் கணக்கை எடுத்துக் குழந்தைகளின் பக்கமிருந்து பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். 537 ஆஸ்துமா நோயாளிகள் உருவாகாமல் போனது, 112 குறைப்பிரசவங்கள் தவிர்ந்தது என்று அவர்கள் பட்டியல் போகிறது. காற்று எல்லை பார்க்காததால் அண்டை மாநிலங்களுக்கும் இதில் பங்குண்டு.

நடக்காததை எப்படி எண்ணுவது?

வராத ஆஸ்துமாவை யார் எண்ணினார்கள் என்று கேட்டால், கேள்வி நியாயமானது. யாரும் ஒவ்வொருவராக எண்ணவில்லை. இது ஒரு சங்கிலிக் கணக்கு. திட்டம் இல்லாவிட்டால் எந்த நிலையம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கும், எவ்வளவு கந்தகமும் நைட்ரஜன் ஆக்சைடும் கூடுதலாக வந்திருக்கும் என்று மின்கட்டமைப்பு மாதிரி சொல்கிறது. அந்தப் புகை காற்றோடு எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று வளிமண்டல மாதிரி சொல்கிறது. அங்கே எத்தனை பேர், என்ன வயதில் வாழ்கிறார்கள் என்பது மக்கள்தொகைக் கணக்கில் இருக்கிறது. துகள் இத்தனை மைக்ரோகிராம் குறைந்தால் இறப்பு எத்தனை சதவீதம் குறையும் என்பதை ஆறு நகர ஆய்வு போன்றவை தருகின்றன. எல்லாவற்றையும் பெருக்கினால் விடை வரும்.

சங்கிலியில் மிகவும் ஆட்டம் காணும் கண்ணி முதலாவதுதான். ரெஜ்ஜி தொடங்கிய அதே நேரத்தில் அமெரிக்காவில் பொருளாதார மந்தம்; மின் தேவை சரிந்தது. பாறை அடுக்குகளைப் பிளந்து எடுக்கும் எரிவாயு பெருகி, அதன் விலையும் இறங்கியது. நிலக்கரி எப்படியும் விழுந்திருக்கும். அதில் திட்டத்தால் விழுந்தது எவ்வளவு என்று பிரித்தெடுப்பது நூல் பிரிக்கிற வேலை. மாசு குறைந்தது முழுவதையும் ஒரே கொள்கையின் வரவில் எழுதும் செய்தியை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். 300 முதல் 830 வரை என்ற அகலமான இடைவெளி நேர்மையின் அடையாளம். அது பெரும்பாலும் கடைசிக் கண்ணியிலிருந்து வருகிறது: வெவ்வேறு மருத்துவ ஆய்வுகளை எடுத்துக்கொண்டால் வெவ்வேறு விடை.

உயிரை டாலரில் எழுதுவது பலருக்கு உறுத்தும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 2006ஆம் ஆண்டு டாலர் மதிப்பில் ஒரு ‘புள்ளியியல் உயிருக்கு’ 74 லட்சம் டாலர் என்று வைக்கிறது. குறிப்பிட்ட ஒருவரின் விலை அல்ல இது. லட்சத்தில் ஒரு பங்கு மரண அபாயத்தைக் குறைக்க ஒருவர் 74 டாலர் தரத் தயார் என்றால், லட்சம் பேர் சேர்ந்து தருவது 74 லட்சம். தவிர்வது ஒரு மரணம். அவ்வளவுதான் அதன் பொருள். சுகாதாரப் பயன் கோடிகளில் வருவதற்குக் காரணமும் இதுவே. மருத்துவச் செலவு மிச்சம் அதில் சிறு பகுதிதான்.

கணக்கு பிசகும் இடங்கள்

கார்பனைக் குறைத்தால் காற்று தானாகத் தூய்மையாகிவிடும் என்று இதுவரை படித்ததிலிருந்து யாராவது முடிவுக்கு வந்தால், ஐரோப்பாவின் டீசல் கார்களைக் காட்டலாம். டீசல் கார் கிலோமீட்டருக்குக் குறைந்த கரியமில வாயு விடுகிறது என்று பல அரசுகள் வரியில் சலுகை கொடுத்தன. பிரிட்டன் 2001இல் வாகன வரியையே கரியமில வாயு அளவோடு கட்டியது. மேற்கு ஐரோப்பாவில் விற்ற புதுக் கார்களில் டீசலின் பங்கு ஒரு கட்டத்தில் பாதியைத் தாண்டியது. நகரங்களில் நைட்ரஜன் டை ஆக்சைடு குறைய வேண்டிய வேகத்தில் குறையவில்லை. ‘குறைவாக எரி’ என்பதற்குப் பதில் ‘வேறொன்றை எரி’ என்று விடை வந்ததன் விளைவு. விறகும் அப்படித்தான். மரம் மறுபடி வளரும் என்பதால் கார்பன் கணக்கில் அதைப் பூஜ்ஜியம் என்று எழுதலாம். நுரையீரல் அந்தக் கணக்கை ஏற்காது, விறகுப் புகையில் நுண்துகள் ஏராளம்.

இன்னொரு ஓட்டை, கசிவு. வரம்புக்குட்பட்ட மாநிலம் தன் நிலையத்தை நிறுத்திவிட்டு, வரம்பில்லாத பக்கத்து மாநிலத்தின் நிலக்கரி மின்சாரத்தை வாங்கினால், புகை இடம் மாறுமே ஒழியக் குறையாது. அந்த மாநிலம் காற்று வரும் திசையில் இருந்தால், ஏற்றுமதி செய்த புகை வீட்டுக்கே திரும்பி வரும்.

ஆனால் எனக்கு மிகவும் கனமாகப் படுவது இடம் பற்றிய கேள்விதான். கரியமில வாயுவுக்கு ஒரு டன் எங்கே குறைந்தாலும் ஒன்று. அதனால்தான் சீட்டு வணிகமே சாத்தியமாகிறது: குறைக்க மலிவான இடத்தில் குறையட்டும், மற்றவர் சீட்டு வாங்கட்டும். துகளுக்கு அப்படியில்லை. ஆளில்லாத பாலைவனத்தில் குறைந்த டன்னும், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் குறையாத டன்னும் ஒன்றாகா. கலிபோர்னியாவில் 2013இல் சீட்டு வணிகம் தொடங்கியபின், முதல் மூன்று ஆண்டுகளை ஆராய்ந்து 2018இல் வந்த ஓர் ஆய்வு, கட்டுப்பாட்டுக்குள் வந்த ஆலைகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டவை உள்ளூர் வெளியீட்டைக் கூட்டியிருந்ததைக் கண்டது. அந்த ஆலைகளைச் சுற்றி வாழ்பவர்களில் ஏழைகளும் வெள்ளையர் அல்லாதவர்களும் அதிகம். பிறகு வேறு முறையில், காற்றின் போக்கையும் சேர்த்துப் பார்த்த மற்றோர் ஆய்வு, ஏழைப் பகுதிகளுக்கும் மற்றவற்றுக்கும் இடையே முன்பு விரிந்துகொண்டே போன மாசு இடைவெளி 2013க்குப் பின் சுருங்கத் தொடங்கியது என்றது. இரண்டும் முழுக்க முரண் அல்ல. ஒன்று ஆலையின் வாசலில் நின்று பார்க்கிறது, மற்றது காற்று போய்ச் சேரும் இடத்தில் நின்று. வாதம் ஓயாததால் 2017இல் அந்த மாநிலம், மாசு மிகுந்த குடியிருப்புகளிலேயே கண்காணிப்புக் கருவிகளை நிறுவி உள்ளூர்த் திட்டம் வகுக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

மின் நிலையங்களில் எடுக்க வேண்டியதைப் பெருமளவு எடுத்தாகிவிட்ட வட்டாரங்களில் அடுத்தது சாலைதான். வண்டியின் புகைக்குழாய் மூக்குக்கு நேரே இருக்கிறது. உயரமான புகைபோக்கியின் தயவுகூட அங்கே கிடையாது. வடகிழக்கு மாநிலங்கள் பெட்ரோல், டீசலுக்கும் ரெஜ்ஜி மாதிரியே ஒரு வரம்பு போடப் பல ஆண்டுகள் பேசின. ஹார்வர்ட் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் முன்கூட்டியே சுகாதாரக் கணக்குப் போட்டபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. ஏலப் பணத்தை நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் பேருந்துக்கும் செலவிட்டால், பயனில் பெரும்பங்கு தூய காற்றால் வருவதில்லை. மக்கள் நடப்பதாலும் மிதிப்பதாலும் வருகிறது. 2020 டிசம்பரில் மாசசூசெட்ஸ், கனெக்டிகட், ரோட் ஐலண்ட் மாநிலங்களும் வாஷிங்டன் நகரமும் கையெழுத்திட்டன. பெட்ரோல் விலை ஏறிக்கொண்டிருந்த 2021 நவம்பரில் கனெக்டிகட் பின்வாங்கியது, மாசசூசெட்ஸும் கைவிட்டது. திட்டம் ஒருநாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. கணக்கு மட்டும் பாக்கியிருக்கிறது.